பழைய பில் நிற்கும் வரை: அமெரிக்க மத்திய அரசுத் துறையைப் புதிய தொலைத்தொடர்பு ஒப்பந்தத்துக்கு மாற்ற முழுமையான வழிகாட்டி

அமெரிக்க மத்திய அரசுத் துறை ஒன்றிலோ, அதற்கு வேலை செய்யும் நிறுவனத்திலோ இருக்கிறீர்கள். "தொலைத்தொடர்பு டிரான்சிஷனை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று அந்த வேலையை உங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். முன்பு இருந்த 'நெட்வொர்க்ஸ்' என்ற தொலைத்தொடர்பு ஒப்பந்தங்களிலிருந்து ஈஐஎஸ் என்ற புது ஒப்பந்தத்துக்கு ஒரு துறையின் லைன்களை, அதாவது தொலைபேசி, டேட்டா இணைப்புகளை, மாற்றிய குழுவில் நான் இருந்தேன். எனக்குப் பின் வந்து சேர்ந்தவர்கள் திரும்பத் திரும்ப ஒரே இடங்களில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஈஐஎஸ் என்பது ஜிஎஸ்ஏ எனப்படும் பொதுச் சேவைகள் நிர்வாகம் 2017-இல் வழங்கிய 15 ஆண்டு ஒப்பந்தம். 2032-இல் முடிகிறது. அதற்கு முன்னாலேயே, உங்கள் துறையின் டாஸ்க் ஆர்டர் (அந்த ஒப்பந்தத்தின் கீழ் ஒரு நிறுவனத்துக்குத் துறை கொடுக்கும் வேலை ஆணை) முடிந்து வேறு நிறுவனத்துக்குப் போனால் இதே வேலை மறுபடி வரும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புது லைனில் டயல் டோன் வந்துவிட்டால் மாற்றம் முடிந்தது என்று கணக்கில் எழுதாதீர்கள். பழைய லைனின் பில் நின்றால்தான் முடிந்தது. கீழே வரும் படிகள் எல்லாம் அந்தப் புள்ளியை நோக்கித்தான் வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. முந்தைய மாற்றம், அதாவது நெட்வொர்க்ஸுக்குள் வந்த மாற்றம், திட்டமிட்டதைவிட 33 மாதம் கூடுதலாக எடுத்தது. அந்தத் தாமதத்தால் கைநழுவிய சேமிப்பு சுமார் 32.9 கோடி டாலர் என்று நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ கணக்கிட்டது. பழைய விலையிலேயே பில் ஓடிக்கொண்டிருந்ததற்குக் கொடுத்த விலை அது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் அதிகாரம். ஈஐஎஸ்ஸில் டாஸ்க் ஆர்டர் போட உங்கள் துறையின் ஒப்பந்த அதிகாரிக்கு ஜிஎஸ்ஏ கொடுக்கும் கொள்முதல் அதிகார ஒப்படைப்பு தேவை. அதற்குப் பயிற்சி உண்டு, காகித வேலை உண்டு. அதிகாரி பாதியில் வேறு வேலைக்குப் போய்விட்டால் அடுத்தவர் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதனால் இரண்டு பேருக்கு வாங்கி வையுங்கள்.

அடுத்தது பணம். மாற்றம் நடக்கும் மாதங்களில் ஒரே இடத்துக்குப் பழைய லைனுக்கும் புது லைனுக்கும் சேர்த்துப் பணம் கட்டுவீர்கள். இது யாருடைய தவறும் இல்லை, வேலையின் இயல்பே அப்படி. ஆனால் நிதியாண்டு அக்டோபர் 1-இல் தொடங்குகிறது, அதற்கான கோரிக்கையோ ஓராண்டுக்கும் முன்னதாகவே வெள்ளை மாளிகையின் பட்ஜெட் அலுவலகத்துக்குப் போய்விடும். இன்று ஞாபகம் வந்தால் பணம் கிடைப்பது அடுத்த ஆண்டிலும் இல்லை, அதற்கடுத்த ஆண்டில்தான். நடுவில் தற்காலிகச் செலவுத் தீர்மானத்தில் அரசு ஓடினால் புது வேலைகளைத் தொடங்குவதும் சிக்கலாகிவிடும்.

கடைசியாக ஆட்கள். திட்ட மேலாளர் ஒருவர் போதாது. சட்டம், பாதுகாப்பு, நிதி, ஒப்பந்தம் என்று நான்கு பக்கமும் பெயர் சொல்லி ஒருவர் இருக்க வேண்டும். ஒவ்வொரு கட்டடத்துக்கும் சாவி வைத்திருக்கும் ஒருவரும் வேண்டும். இந்தச் சாவிக்காரரைப் புதியவர்கள் எல்லோருமே மறந்துவிடுகிறார்கள்.

2. பட்டியல்: பில்லில் தொடங்கி சுவரில் முடியுங்கள்

மொத்த வேலையில் பாதி இதுதான். இங்கே செலவழிக்கும் ஒவ்வொரு மாதமும் பின்னால் மூன்று மாதத்தை மிச்சப்படுத்தும் என்று என் அனுபவத்தில் சொல்வேன்.

ஜிஎஸ்ஏவும் பழைய நிறுவனமும் ஆளுக்கொரு பட்டியல் தருவார்கள், உங்கள் துறையின் நெட்வொர்க் குழுவும் தன்னுடையதைத் தரும். மூன்றும் ஒத்துப்போகாது. எதை நம்புவது? முதல் தளமாகப் பில்லை எடுத்துக்கொள்ளுங்கள். பில்லில் இருந்தால் பணம் போகிறது என்று அர்த்தம், பணம் போகும் லைனுக்கு ஒரு முடிவு எடுத்தே ஆக வேண்டும். நெட்வொர்க் குழுவின் பட்டியலில் தொடங்கினால் அவர்களுக்குத் தெரிந்த லைன்கள் மட்டுமே வரும். பிரச்சினை தருபவை யாருக்கும் தெரியாத லைன்கள்தான்.

ஒவ்வொரு வரியிலும் இவை இருக்க வேண்டும்: சர்க்யூட் எண் (நிறுவனம் தரும் ஒவ்வொரு இணைப்புக்கும் உள்ள அடையாள எண்) அல்லது தொலைபேசி எண், பில் கணக்கு எண், தெரு முகவரியோடு தளமும் அறையும், சேவை வகை, மாதக் கட்டணம், எந்தப் பிரிவு அதைப் பயன்படுத்துகிறது, அது உண்மையில் எதற்காக ஓடுகிறது. கடைசிக் கட்டம்தான் முக்கியம். அதுதான் பெரும்பாலும் காலியாகவும் கிடக்கும்.

ஓர் உதாரணம். ஒரு பழைய அலுவலகக் கட்டடத்தில் எங்கள் பட்டியலில் ஒரு லைனுக்கு எதிரே "ஃபேக்ஸ், பயன்பாட்டில் இல்லை" என்று இருந்தது. துண்டிக்க ஆர்டர் எழுதியாகிவிட்டது. அனுப்பும் முன் அடித்தளத்தில் இருந்த தொலைபேசி அறைக்குப் போய்ப் பார்த்தோம். சுவரில் பழைய பஞ்ச் பிளாக் (தொலைபேசிக் கம்பிகளை வரிசையாகச் செருகும் பலகை), அதில் நூற்றுக்கணக்கான வெள்ளை, நீலக் கம்பிகள். எங்கள் ஜோடிக் கம்பியில் தொங்கிய அட்டைச் சீட்டில் பென்சில் எழுத்து அழிந்துபோயிருந்தது. டெஸ்ட் போனை மாட்டினால் டயல் டோன் இருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டே தொடர்ந்தால் அது மேலே லிஃப்ட் இயந்திர அறைக்குப் போனது. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர் பொத்தானை அழுத்தினால் பேசும் அவசரத் தொலைபேசி அந்த லைனில்தான் இருந்தது. அன்று நாங்கள் கீழே இறங்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

எந்த எண் என்று தெரியாத லைனிலிருந்து உங்கள் கைபேசிக்கு அழைத்துப் பாருங்கள், திரையில் எண் தெரியும். ஆனால் அலுவலக எக்ஸ்சேஞ்ச் வழியாகப் போகும் அழைப்பில் தலைமை எண்தான் தெரியும். கம்பி சுவருக்குள் நுழையும் இடத்திலேயே மாட்டிச் சோதித்தால் ஏமாற மாட்டீர்கள்.

எல்லாக் கட்டடத்துக்கும் நேரில் போக முடியாது, சரி. எங்கே தாமிர லைன்கள் அதிகமோ, எங்கே ஒருவருக்கும் விவரம் தெரியவில்லையோ, அங்கே முதலில் போங்கள். மற்ற இடங்களில் சாவிக்காரரிடம் புகைப்படம் கேளுங்கள்.

பட்டியல் முடிந்ததும் உறைய வையுங்கள். அதற்குப் பின் வரும் ஒவ்வொரு சேர்ப்பும் நீக்கமும் தேதியோடு, காரணத்தோடு, ஒரே ஒருவர் கையால் நடக்கட்டும். எக்செல் கோப்பு ஐந்து பேரிடம் ஐந்து விதமாக இருந்தால் நீங்கள் மறுபடியும் முதல் நாளில்தான் நிற்கிறீர்கள்.

3. ஒவ்வொரு லைனுக்கும் ஒரு முடிவு

மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்: துண்டிப்பது, அதே மாதிரி சேவையாக மாற்றுவது, புதிய தொழில்நுட்பத்துக்கு மாற்றுவது.

துண்டிக்க வேண்டியதை உடனே துண்டியுங்கள். தேவையில்லாத லைனைப் புது ஒப்பந்தத்துக்குக் கொண்டுபோவதில் இரட்டை வேலை. இன்னொரு லாபமும் உண்டு: துண்டிப்பு ஆர்டர் உங்கள் துறையில் எப்படி நகர்கிறது, பில் நிற்க எத்தனை மாதம் ஆகிறது என்பதைச் சிறிய அளவில் ஆரம்பத்திலேயே கற்றுக்கொள்வீர்கள்.

அதே மாதிரியா, புதியதா என்ற கேள்வியில் நிறையக் கூட்டங்கள் வீணாகும். என் கருத்து இது. தாமிரக் குரல் லைன்களை அப்படியே கொண்டுபோகாதீர்கள். பெரிய தொலைபேசி நிறுவனங்கள் தாமிர லைன்களைப் பழைய ஒழுங்குமுறை மொத்த விலையில் மற்றவர்களுக்குத் தர வேண்டும் என்றிருந்த கட்டாயத்தைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான எஃப்சிசி 2019-இல் தளர்த்தியது. மூன்றாண்டு இடைக்காலம் 2022 ஆகஸ்டில் முடிந்தது. இனி அந்த லைன்களின் விலை உங்கள் கையில் இல்லை. டேட்டா லைன்களில் மட்டும் நிதானமாக யோசியுங்கள். பெரிய அலுவலகங்களை எஸ்டி-வேனுக்கு (பல இணைப்புகளை மென்பொருளால் ஒன்றாக நிர்வகிக்கும் முறைக்கு) மாற்றுவதில் அர்த்தம் இருக்கிறது. பத்துப் பேர் உள்ள அலுவலகத்துக்கு, காலக்கெடு நெருங்கும்போது, ஒரு சாதாரண ஈதர்நெட் இணைப்பே போதும். எல்லா இடத்திலும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் நவீனமாக்கப் போனால் காலக்கெடு பறிபோகும்.

4. உயிர் காக்கும் லைன்களைத் தனித் தாளில் எழுதுங்கள்

இவை மொத்தத்தில் சிறு பகுதிதான். ஆனால் தவறினால் ஆள் உயிருக்கு ஆபத்து.

லிஃப்ட் தொலைபேசியும் தீ எச்சரிக்கைப் பலகையும்: பல பழைய பலகைகள் அனலாக் லைனில்தான் பேசும். ஐபி இணைப்பை, அதாவது இணைய வழி இணைப்பை, நேராக மாட்டினால் மின்சாரம் போகும்போது எச்சரிக்கையும் போய்விடும். பேட்டரியோடு கூடிய மாற்றுக் கருவி வேண்டும், உள்ளூர் தீயணைப்பு அதிகாரியின் ஒப்புதலும் வேண்டும். பலகையைப் பராமரிக்கும் நிறுவனம் வேறு, அவர்களோடு தேதி ஒத்துப்போவது வேறு. முன்னதாகவே பேசுங்கள்.

டிஎஸ்பி முன்னுரிமைக் குறியீடு: பேரிடரில் எந்த சர்க்யூட்டை முதலில் சரிசெய்ய வேண்டும் என்பதற்கு சிசா என்ற மத்திய இணையப் பாதுகாப்பு அமைப்பு நடத்தும் திட்டம் இது. குறியீடு சர்க்யூட்டோடு ஒட்டியது. புது நிறுவனத்தின் புது சர்க்யூட்டுக்கு அது தானாக வராது. ஆர்டரிலேயே குறியீட்டை எழுத வேண்டும், சிசாவிடமும் மாற்றத்தைப் பதிய வேண்டும். இதை மறந்தால் யாருக்கும் தெரியாது. புயல் அடித்து லைன் அறுந்த அன்றுதான் தெரியும்.

911 (அமெரிக்காவின் அவசர உதவி எண்): எந்த எண்ணையும் முன்னால் சேர்க்காமல் 911 நேரடியாகப் போக வேண்டும் என்கிறது காரி சட்டம். 2020 பிப்ரவரி 16-க்குப் பின் நிறுவப்படும் பல லைன் தொலைபேசி அமைப்புகளுக்கு அது பொருந்தும். ரே பாம் சட்டத்தின் கீழ் தளம், அறை வரை இருப்பிடத் தகவலும் போக வேண்டும். குரல் சேவை ஐபிக்கு மாறும்போது ஒவ்வொரு எண்ணுக்கும் இருப்பிடத்தைப் புதிதாகப் பதிவது உங்கள் வேலை. தலைமையக முகவரியையே எல்லா எண்ணுக்கும் ஒட்டிவைப்பது நான் அதிகம் பார்த்த பிழை. அப்படிச் செய்தால் ஆம்புலன்ஸ் வேறு ஊருக்குப் போகும்.

5. டாஸ்க் ஆர்டர்

ஈஐஎஸ்ஸில் எந்த நிறுவனத்தையும் நீங்களே கைகாட்ட முடியாது. தகுதியுள்ள ஒப்பந்த நிறுவனங்களுக்கெல்லாம் நியாயமான வாய்ப்பு கொடுத்து, கோரிக்கை ஆவணம் அனுப்பி, மதிப்பிட்டு, பின்புதான் தேர்வு. சிவில் துறைகளில் 1 கோடி டாலருக்கு மேலான ஆர்டரைத் தோற்ற நிறுவனம் எதிர்த்தால், ஜிஏஓவின் முடிவுக்கு 100 நாள் வரை காத்திருக்க நேரும். உங்கள் அட்டவணையில் அந்த 100 நாளுக்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்காது.

கோரிக்கையோடு இரண்டாம் படியில் செய்த பட்டியலை இணைக்கிறீர்கள். விலை அதிலிருந்துதான் வரும். முகவரி தவறினால், சேவை வகை தெளிவில்லாமல் இருந்தால், நிறுவனம் தன் பயத்தையும் சேர்த்து விலை சொல்லும். பட்டியலில் விட்டுப்போன ஒவ்வொரு சேவையும் பின்னால் ஒப்பந்தத் திருத்தமாகத் திரும்பி வரும். திருத்தம் ஒவ்வொன்றும் வாரக்கணக்கில் எடுக்கும்.

பழைய லைனைத் துண்டிக்க உதவுவதும் தேவைப்பட்டால் இரு இணைப்பையும் சேர்த்து ஓட்டுவதும் புது நிறுவனத்தின் கடமை என்று வேலை விவரத்திலேயே எழுதுங்கள். பின்னால் கேட்டால் தனிக் கட்டணம்.

6. பாதுகாப்பு அனுமதி

புது நிறுவனத்தின் அமைப்புகளுக்கு ஜிஎஸ்ஏ கொடுத்த அனுமதி ஒன்று. நிறுவனமே இயக்கிப் பராமரிக்கும்படி நீங்கள் வாங்கும் சேவைக்கு உங்கள் துறையே கொடுக்க வேண்டிய இயக்க அனுமதி இன்னொன்று. முதலாவது இருந்தால் இரண்டாவது தேவையில்லை என்று நினைத்து, கருவிகள் பெட்டியிலேயே மாதக்கணக்கில் காத்துக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். டாஸ்க் ஆர்டர் கையெழுத்தான வாரமே பாதுகாப்பு அதிகாரியிடம் ஆவணங்களைத் தொடங்குங்கள்.

7. ஆர்டர்களை அலை அலையாக அனுப்புங்கள்

டாஸ்க் ஆர்டர் கையெழுத்தானதால் மட்டும் ஒரு லைன்கூட நகராது. ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனி சேவை ஆர்டர் போட வேண்டும். ஒவ்வொரு ஆர்டரிலும் துறைப் படிநிலைக் குறியீடு வேண்டும். எந்தப் பிரிவு பணம் கட்டுகிறது என்பதை அதுதான் சொல்கிறது. அதைத் தவறாகப் போட்டால் பில் தவறான மேசைக்குப் போகும். அதைத் திருத்த ஒரு நிதியாண்டே ஆகும்.

முதல் அலையில் எளிதான மூன்று நான்கு இடங்களை மட்டும் எடுங்கள். படிவம், சோதனை, பில் எல்லாம் ஒரு முறை முழுச் சுற்று வந்து பார்க்கட்டும். ஆனால் அதே நாளில், தொலைதூர இடங்களுக்கான ஆர்டர்களையும் அனுப்பிவிடுங்கள். வனக் காவல் நிலையம், எல்லைச் சாவடி போன்ற இடங்களுக்குச் சாலையோரம் தோண்டி ஃபைபர் இழுக்க வேண்டியிருக்கும். நிலத்துக்கு அனுமதி, பனிக்காலத்தில் தோண்ட முடியாத மாதங்கள் எல்லாம் சேர்ந்தால் ஓராண்டு சாதாரணமாகப் போய்விடும். எளிதானவற்றை முடித்துவிட்டு இவற்றைத் தொடலாம் என்று வைத்தவர்கள்தான் கடைசியில் காலக்கெடுவைத் தாண்டினார்கள்.

வாடகைக் கட்டடமானால் உரிமையாளரின் அனுமதி தனி. தொலைபேசி நிறுவனத்தின் கம்பி அடித்தளத்தோடு நிற்கும். அங்கிருந்து உங்கள் தளம் வரை இழுப்பது யார் வேலை, யார் செலவு என்று ஆர்டரிலேயே எழுதாவிட்டால், டெக்னீஷியன் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார்.

8. எண்களை மாற்றுவது

இங்கே ஒரே ஒரு விதியை நெட்டுருப் போட்டுக்கொள்ளுங்கள்: எண் புது நிறுவனத்துக்கு வந்து சேரும் வரை பழைய லைனைத் துண்டிக்க ஆர்டர் போடக் கூடாது. துண்டித்தால் எண் பழைய நிறுவனத்திடமே போய்விடும். மக்கள் வருடக்கணக்கில் அழைத்த எண்ணைத் திரும்பப் பெறுவது பெரும்பாடு.

போர்ட்டிங் கோரிக்கையில் (எண்ணைப் புது நிறுவனத்துக்கு மாற்றக் கேட்கும் படிவத்தில்) கணக்கின் பெயர், சேவை முகவரி, பில் எண் மூன்றும் பழைய நிறுவனத்தின் வாடிக்கையாளர் பதிவில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். அந்தப் பதிவின் நகலை முதலில் வாங்குங்கள். துறையின் பெயர் பத்தாண்டுக்கு முன் மாறியிருக்கும், பதிவில் பழைய பெயரே நிற்கும். நிராகரிப்புகளில் பெரும்பாலானவை இப்படித்தான் வந்தன.

அப்புறம், ஒரு கணக்கின் தலை எண்ணை, அதாவது எந்த எண்ணின் பெயரில் பில் வருகிறதோ அதை, முதலில் நகர்த்தாதீர்கள். மற்ற எண்கள் அதன் கீழ்தான் தொங்குகின்றன. அந்தக் கணக்கில் வேறு ஆர்டர் எதுவும் நிலுவையில் இருக்கக் கூடாது. கட்டணமில்லா எண்களுக்கு வழி வேறு: அவற்றை, அந்த எண்ணை நிர்வகிக்கும் பொறுப்பு நிறுவனத்தின் மாற்றமாகத் தனியாகக் கோர வேண்டும். உள்ளூர் எண்களோடு ஒரே படிவத்தில் போட்டால் அவை மட்டும் பின்தங்கி நிற்கும்.

9. கட்ஓவர் நாள்: பழைய லைனிலிருந்து புதியதுக்கு மாறும் நாள்

முந்தைய நாளே மூன்று தாள்கள் தயாராக இருக்கட்டும்: நிமிட வாரியான வேலை வரிசை, சோதனை அழைப்புகளின் பட்டியல், பழையதுக்குத் திரும்பும் வழி. திரும்பும் முடிவை எத்தனை மணிக்கு, யார் எடுப்பார் என்றும் எழுதுங்கள். நள்ளிரவில் களைத்துப்போன ஆட்கள் "இன்னும் பத்து நிமிடம் பார்ப்போம்" என்று இழுத்துக்கொண்டே போவார்கள்.

சோதனையில் உள்வரும் அழைப்பு, வெளிச்செல்லும் அழைப்பு, ஃபேக்ஸ், கட்டணமில்லா எண், லிஃப்ட், தீப் பலகை எல்லாம் வர வேண்டும். 911-ஐ உள்ளூர் அவசர மையத்திடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுச் சோதியுங்கள். பல ஐபி குரல் சேவைகளில் 933-ஐ அழைத்தால் பதிந்த முகவரியை வாசித்துக் காட்டும், அதையும் பயன்படுத்துங்கள்.

சேவையை அமைத்து முடித்தாயிற்று என்று நிறுவனத்திடமிருந்து அறிவிப்பு வரும். புது பில் அந்தத் தேதியிலிருந்து ஓடும். சோதித்து மறுக்க உங்களுக்கு இருக்கும் நாட்கள் குறைவு. அறிவிப்பு விடுமுறையில் இருப்பவரின் மின்னஞ்சலில் தூங்கினால், வேலை செய்யாத லைனை ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும். ஒரு பொது அஞ்சல்பெட்டி வையுங்கள், இரண்டு பேர் தினமும் பார்க்கட்டும்.

10. துண்டிப்பு

எல்லோரும் களைத்துப்போய் அடுத்த வேலைக்கு நகர்ந்துவிடும் நேரம் இது. பணம் கசிவதும் இங்கேதான். நெட்வொர்க்ஸ் லைன்களில் பாதியை 2021 மார்ச் 31-க்குள், 90 சதவீதத்தை 2022 மார்ச் 31-க்குள், எல்லாவற்றையும் 2022 செப்டம்பர் 30-க்குள் விடுவிக்க ஜிஎஸ்ஏ இலக்கு வைத்தது. கடைசிச் சிறு பங்குதான் இழுத்தடித்தது. ஒப்பந்தங்கள் 2023 மே வரை நீட்டிக்கப்பட்டிருந்தும், அதற்கு மேலும் 2024 மே வரை தொடர்சேவை தர வேண்டியிருந்தது.

புது லைன் இயங்கத் தொடங்கியதும் துண்டிப்பு ஆர்டர் தானாகப் போகும் என்று நினைக்காதீர்கள். புது நிறுவனம் அதைச் செய்யாது, பழைய நிறுவனத்துக்கு அவசரமே இல்லை. கட்ஓவர் முடிந்து, ஒரு வாரம் சிக்கலில்லாமல் ஓடியதும், நீங்களே எழுத்தில் அனுப்ப வேண்டும். சர்க்யூட் எண்ணை பில்லிலிருந்து நகலெடுத்து ஒட்டுங்கள், கையால் தட்டாதீர்கள். ஓர் எழுத்து மாறினால் பக்கத்துக் கட்டடத்தின் இணைப்பு போய்விடும். ஆர்டர் எண், அனுப்பிய தேதி, நிற்க வேண்டிய தேதி மூன்றையும் பட்டியலில் அதே வரியில் எழுதுங்கள்.

பிறகு அடுத்த மாத பில்லை எடுத்துவையுங்கள். அதற்கடுத்த மாத பில்லையும். துண்டித்த ஒவ்வொரு சர்க்யூட்டையும் அதில் தேடுங்கள். இருந்தால், ஆர்டர் எண்ணைக் காட்டி, நிற்க வேண்டிய தேதியிலிருந்து கட்டிய பணத்தைத் திரும்பக் கேளுங்கள். எங்கள் குழுவில் இந்த வேலையை ஒருவர் மட்டும் செய்தார். மாதம் ஒரு முறை, இரண்டு நாள், ஒரு கையில் பில், ஒரு கையில் பட்டியல். தொடர்ந்து இரண்டு பில்களில் காணாமல்போன சர்க்யூட்டுக்கு எதிரே மட்டும்தான் பச்சை நிறம் போடுவார். புது லைன் எவ்வளவு நன்றாக ஓடினாலும், அந்தப் பச்சை விழும் வரை வாராந்திர அறிக்கையில் அந்த இடம் "மாறவில்லை" என்றே போனது.